நூற்றெட்டுக் கெண்டைகளும் ஒரு முதலாளியும்

அத்தியாயம் 9

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். யுன்ஷியா சொன்னது ஒரே ஒரு பொய்தான். அதுவும் தொலைபேசியில், அரை நிமிடத்துக்கு. அந்த அரை நிமிடப் பொய்யைக் காப்பாற்ற மூன்று வாரமாக அவள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. யுன்ஷியாவின் ஒரே மகள் பெய்ஷானுக்கு முப்பது வயது. காவ்ஷியுங் நகரத்தில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. இதுவரை வந்த வரனையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிக் கழித்தவள், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஜெங்யூவிடம் போய் விழுந்தாள். பையன் தங்கம். பிரச்சினை பையனின் அம்மா சாய்ஃபெங்.

தைனான் ஊர்க்காரி. புருஷன் இல்லை. பத்தொன்பது வருடமாகச் சுத்த சைவம், பூண்டு வெங்காயம்கூடத் தொடமாட்டாள். சந்தையில் உயிரோடு விற்கிற மீனையும் ஆமையையும் வாங்கிப் பிரார்த்தனை செய்து தண்ணீரில் விடுவது அவளுடைய விரதம். அப்பேர்ப்பட்டவள் போனில், "உங்க வீட்டுப் பின்னாடி குளம் இருக்காமே? மீன் வளர்க்கிறீங்களாமே? கலர் கெண்டையா?" என்று ஆசை ஆசையாகக் கேட்டாள். பெய்ஷான் வாயைத் திறப்பதற்குள் யுன்ஷியா போனைப் பிடுங்கி, "ஆமாமா, கலர் கெண்டைதான்! சிவப்பு, வெள்ளை, எல்லாம் இருக்கு!" என்று சொல்லிவிட்டாள்.

குளத்தில் இருந்தது கெண்டையல்ல. ஏழடி நீளத்தில் ஒரு யானைமீன்.

அமேசான் ஆற்றில் பிறக்க வேண்டியவன், தைவானின் தெற்கு மூலையில் லின்பியென் ஊரில், பழைய விலாங்குக் குளத்தில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறான். வாயைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிற தண்ணீர், இலை, மீன் எல்லாம் உள்ளே. அவனுக்கு 'முதலாளி' என்று பெயர் வைத்ததும் யுன்ஷியாதான். "நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யறதில்ல. சாப்பாடு அஞ்சு நிமிஷம் லேட்டானா கோபம் வருது. வீட்ல எல்லாரும் இவனுக்காகத்தான் உழைக்கிறோம். அப்ப முதலாளிதானே?" என்பாள். அவனைத் திட்டாமல் அவளுக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை.

சாய்ஃபெங் இன்றைக்குத்தான் பெண் கேட்டு வருகிறாள். பஞ்சாங்கத்தில் நல்ல நாள், சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு யுன்ஷியா பின்கட்டுக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாளியில் துள்ளுகிற ஜிலேபிக் கெண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்டையில் ஒரு தட்டுத் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் தியென்ஃபூ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்க?"

"எட்டு கிலோ."

"தினமும் மூணு கிலோதானே?"

"இன்னிக்கு விருந்து. வயிறு முட்டத் தின்னுட்டு அடியில போய்ப் படுத்துக்கட்டும். சம்பந்தியம்மா கிளம்புற வரைக்கும் தலையைக் காட்டக் கூடாது."

"மூச்சு விட மேல வருவானே. மத்த மீன் மாதிரியா? கால் மணிக்கு ஒரு தடவை வந்து காத்தைக் குடிச்சே ஆகணும். அவன் என்ன பண்ணுவான், பாவம்."

"அதுக்குத்தான் கறுப்பு வலை. மேல போட்டு மூடிடுங்க. கேட்டா, பம்ப் ரிப்பேர், தண்ணி கலங்கிக் கிடக்கு, இன்னொரு நாள் பாக்கலாம். நீங்க வாயே திறக்க வேணாம். ஆமா, வாயில என்ன?"

தியென்ஃபூ வாயை இறுக்கிக்கொண்டார். உதடு சிவந்திருந்தது.

"துப்புங்க. இன்னிக்கு ஒரு நாள் பாக்கு இல்லாட்டி உயிரா போயிடும்?"

அவர் வாழை மரத்தடியில் போய்த் துப்பிவிட்டு வந்தார். "யுன்ஷியா, உண்மையைச் சொல்லிட்டா என்ன? நாளைக்கு நம்ம பொண்ணு மாமியார் வீட்ல நிக்கிறப்ப தெரிய வந்தா?"

"முதல்ல மாமியார் வீட்ல நிக்கட்டும். அப்புறம் தெரியட்டும்."

"பொய்யி..."

"முன்னோர்கள்கிட்ட கேட்டுட்டேன்."

கேட்டது உண்மைதான். முந்தாநாள் வீட்டு மாடத்தில் ஊதுவத்தி ஏற்றி, பிறை வடிவக் கட்டை இரண்டையும் தரையில் போட்டுக் கேட்டாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். முதல் தடவை இரண்டும் மல்லாந்தன. முன்னோர்கள் சிரிக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் தடவையும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை இரண்டும் கவிழ்ந்தன. அதற்கு அர்த்தம் 'கூடாது'. யுன்ஷியா, கை நழுவிவிட்டது, இது கணக்கில் சேராது என்று சொல்லி நான்காவது தடவை போட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டாள். பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அவளுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

சாய்ஃபெங்கை நேரில் பார்த்ததும் யுன்ஷியாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. சிடுசிடுப்பான ஒருத்தியை எதிர்பார்த்திருந்தாள். இறங்கியவளோ ஒல்லியாக, சாம்பல் நிறச் சட்டையில், கையில் ஜபமாலையோடு, முகமெல்லாம் சிரிப்பாக வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா! இந்த வார்த்தையைச் சொல்ல எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா? உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்து ஒரு நாள் என் காலைப் பிடிச்சு நகம் வெட்டி விட்டா. குனிய முடியலைன்னு நான் சொல்லவே இல்ல. அவளே பாத்துட்டா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

யுன்ஷியா அந்தக் கைகளை விடவே இல்லை. தன் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட எடுத்துக் கழுவாத பெண் அங்கே போய் நகம் வெட்டியிருக்கிறாள்! இந்தச் சம்பந்தம் மட்டும் கைகூடிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு. இப்படி ஒரு மாமியார் தவம் கிடந்தாலும் கிடைக்கமாட்டாள்.

பெய்ஷான் தேநீர் கொண்டுவந்தாள். அன்னாசி கேக் வந்தது. இந்தச் சமையலுக்காகவே யுன்ஷியா புது வாணலி வாங்கியிருந்தாள், பழையதில் பன்றிக்கொழுப்பு வாசனை போகாது என்று. "புது வாணலியா வாங்கினீங்க? எனக்காகவா?" என்று சாய்ஃபெங் நெகிழ்ந்துபோனாள். எல்லாம் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள்:

"ஜெங்யூ, வண்டியில இருக்கிறதை எடுத்துட்டு வாப்பா. வெயில் ஏறுது."

ஜெங்யூ எழுந்திருக்கவில்லை. அவன் முகம் வெளுத்திருந்தது. பெய்ஷானைப் பார்த்தான். பெய்ஷான் அம்மாவைப் பார்த்தாள்.

"என்ன சம்பந்தியம்மா அது?"

"நூத்தெட்டுக் கெண்டைக் குஞ்சு!" சாய்ஃபெங்கின் கண்கள் மின்னின. "காலைல நாலு மணிக்கே எழுந்து பிரார்த்தனை பண்ணிக் கொண்டாந்திருக்கேன். இதுங்க ரெண்டும் நல்லா இருக்கணும்னு, இதுங்க பேர்லயே. ஆத்துல விடறதையெல்லாம் நான் நிறுத்திட்டேன். போன வருஷம் நாங்க விடறோம், பத்தடி தள்ளி ஒருத்தன் வலையோட நிக்கிறான்! அடுத்த வாரம் சந்தைக்குப் போனா என் மீனை எனக்கே விக்கிறான்! மொகத்தை வெச்சே கண்டுபிடிச்சுட்டேன்."

"மீனோட மொகத்தையா?" என்றார் தியென்ஃபூ.

"அவன் மொகத்தை. அதான் உங்க குளம்னு கேட்டதும் எனக்குத் தூக்கமே வரலை. யாரும் பிடிக்க மாட்டாங்க, உங்க கலர் கெண்டைங்களோட சேர்ந்து வளரும். நம்ம ரெண்டு குடும்பம் மாதிரி."

அடக் கடவுளே!

"இதோ வரேன், சூப்பு பொங்குது," என்று யுன்ஷியா சமையலறைக்குள் ஓடினாள். பின்னாலேயே புருஷனும் மகளும்.

"உங்கிட்ட அப்பவே சொன்னேன்," என்று தியென்ஃபூ ஆரம்பித்தார்.

"சொன்னதைச் சொல்ல இப்ப நேரமில்ல. என்ன பண்ணலாம்? அதைச் சொல்லுங்க."

"குளிக்கிற தொட்டியில விடச் சொல்லலாம்மா," என்றாள் பெய்ஷான். "பம்ப் ரிப்பேர், தண்ணி நல்லா இல்ல, சரியானதும் நாமளே குளத்துல விட்டுடறோம்னு."

"ஜெயில்லேர்ந்து லாக்கப்புக்கு மாத்தற மாதிரி இருக்கு," என்றார் தியென்ஃபூ.

"நீங்க சும்மா இருங்க. அது நல்ல யோசனைதான். பெய்ஷான், உன் ஆளுக்குத் தெரியுமா மீன் விஷயம்?"

"தெரியாமயா? முதல் தடவை வந்தப்பவே முதலாளிக்கு அவன்தான் தீனி போட்டான். அவங்கம்மாகிட்ட சொல்லத்தான் பயம். 'உன் அம்மாவே கலர் கெண்டைன்னு சொல்லிட்டாங்க, நான் எப்படி மறுத்துச் சொல்றது'ன்னான்."

யுன்ஷியா தலையில் அடித்துக்கொண்டாள். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள்.

கூடம் காலியாக இருந்தது. பின்வாசல் கதவு திறந்திருந்தது.

ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. குளத்தங்கரையில் சாய்ஃபெங் குனிந்து கறுப்பு வலையின் ஒரு மூலையைச் சுருட்டி விலக்கியிருந்தாள். பக்கத்தில் ஜெங்யூ பெரிய பிளாஸ்டிக் தொட்டியைச் சுமந்துகொண்டு, "அம்மா, கொஞ்சம் இரு, அவங்க வரட்டும், அம்மா..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். உள்ளே விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளி வெள்ளியாகச் சுழன்றன. சாய்ஃபெங் ஒரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"சம்பந்தியம்மா, நில்லுங்க! ஊத்தாதீங்க!"

முதலாளிக்கு மூச்சு விடும் நேரம் அதுவாகத்தானா அமைய வேண்டும்?

தண்ணீர் பிளந்தது. யானைத் தந்தம்போல் வெளுத்த பெரிய தலை, சிவப்பு ஓரம் போட்ட செதில்கள், 'ப்ஹாங்' என்று கதவைச் சாத்தினாற்போல் ஒரு மூச்சு. சாய்ஃபெங் அலறிக்கொண்டு பின்னால் துள்ளினாள். அவள் கை இழுத்த இழுப்பில் தொட்டி சாய்ந்தது. ஜெங்யூ நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான், இருந்தாலும் ஒரு குஞ்சு வழுக்கிக் குளத்தில் விழுந்தது.

எட்டு கிலோ தின்றவன்தான். பசியே கிடையாது. ஆனால் வாயருகே வந்து விழுந்ததை விட அவன் என்ன விரதமா இருக்கிறான்? 'டப்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தண்ணீரில் வட்டம் மட்டும் விரிந்தது.



"நூத்தேழு," என்றாள் சாய்ஃபெங். குரல் நடுங்கியது. "என் கையால. என் கையாலயே கொன்னுட்டேன்."

"நீங்க இல்ல, நாந்தான்," என்றாள் யுன்ஷியா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. இனி பம்ப் ரிப்பேர் எந்த ஊருக்கு? "கலர் கெண்டை கிடையாது, சம்பந்தியம்மா. ஒரு காலத்துலயும் இருந்ததில்ல. இவன்தான் இருக்கான். நான் பொய் சொன்னேன். பொண்ணும் சொல்லல, இவரும் சொல்லல. நான்தான்."

சாய்ஃபெங் தன் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

ஜெங்யூ தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சேதான் தூக்கிட்டு வந்தியா?" அவள் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. "இவன் பதினோரு வயசுல காய்ச்சல்ல கிடந்தான். டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. இவன் பிழைச்சா ஒரு உயிரையும் என்னால சாக விட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன். பத்தொன்பது வருஷம். கொசுவைக்கூட ஊதித்தான் விடறேன். இவன் கல்யாணம் பேச வந்த இடத்துல, இவன் பேரைச் சொல்லிக் கொண்டாந்த மீனை..."

பெய்ஷான் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சாய்ஃபெங் உட்கார்ந்தாள். மாலையை உருட்டிக்கொண்டே வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி நடுக்குளத்தில் வந்து இன்னொரு மூச்சு விட்டுவிட்டுப் போனான். இந்தத் தடவை அவள் அலறவில்லை.

"எவ்வளவு பெரிசு," என்றாள் மெதுவாக. "இந்தச் சின்னக் குளத்துல."

"ஆமாங்க," என்றார் தியென்ஃபூ.

"திரும்பறதுக்கே இடம் இல்ல."

"திரும்புவான். கொஞ்சம் வளைஞ்சு திரும்புவான்."

சாய்ஃபெங் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஏதோ ஒரு தெளிவு வந்த முகம்.

"ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. செத்துப்போனது என் பாவம். அதுக்குப் பரிகாரம் இதுதான்: இந்தப் பெரிய உயிரை விட்டுடுங்க. காவ்பிங் ஆத்துல. நூத்தெட்டுக் குஞ்சை விடறதைவிட இது பெரிய புண்ணியம். எங்க கோயில்ல லாரி இருக்கு, ஆளுங்க இருக்காங்க. அடுத்த அமாவாசைக்குள்ள விட்டுட்டா, அதுக்கப்புறம் கல்யாணப் பேச்சை எடுப்போம். நான் சந்தோஷமா எடுப்பேன். பொய்யைக்கூட மறந்துடறேன்."

"விடலைன்னா?" என்று கேட்டாள் பெய்ஷான்.

சாய்ஃபெங் மாலையில் அடுத்த மணியைத் தள்ளினாள்.

எல்லாரும் தியென்ஃபூவைப் பார்த்தார்கள். அவர் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு முன்னால் கட்டிக்கொண்டார்.

"லாரி எவ்வளவு நீளம்?" என்று கேட்டார்.

"பெரிய லாரிதான்."

"ஏழடிக்கு மேல இருக்கணும். வளைச்சுப் படுக்க வைக்கக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடணும். முதுகு காயாம பாத்துக்கணும். நான் கூட வரேன். வேற யார் தொட்டாலும் பயந்துடுவான்."

அந்தக் குரல்! யுன்ஷியாவுக்கு அந்தக் குரல் தெரியும். உள்ளே எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, வெளியே ஒன்றுமே நடக்காததுபோல் பேசுகிற குரல். அதைக் கேட்டுப் பதினான்கு வருடமாயிற்று. இனி ஒரு தடவை கேட்கக் கூடாது என்று அவள் சாமியிடம் வேண்டாத நாளில்லை.

மகளைப் பார்த்தாள். பெய்ஷானின் மூக்கு சிவந்திருந்தது. ஜெங்யூ அவள் பக்கத்தில் போய் நின்றிருந்தான். ஜோடிப் பொருத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது. 'வாயை மூடிக்கிட்டு இரு யுன்ஷியா' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 'சனியன் தொலையுதுன்னு இரு. தினமும் நீ கேட்டதுதானே இது.'

"முடியாது," என்று சொன்னது அவள் வாய்.

தியென்ஃபூவே திடுக்கிட்டார். "யுன்ஷியா?"

"முடியாதுன்னா முடியாது. நீங்க பேசாம இருங்க, உங்களை யாரும் கேக்கல." சாய்ஃபெங்கின் பக்கம் திரும்பினாள். "ஆத்துல விட்டா ஆறு என்னாகும்னு நினைச்சீங்களா? ஒரு குஞ்சு போனதுக்கே அழறீங்க. இவன் ஆத்துல இறங்கினா, நீங்க இத்தனை வருஷமா விட்டதையெல்லாம் தேடித் தேடித் தின்னுடுவான். சரி, அது போகட்டும். ஜனவரியில வடக்கேர்ந்து குளிர் வருமே, அப்ப இவன் செத்துடுவான். வெயில் நாட்டுக்காரன், குளிர் ஆகாது. இங்கன்னா போர்த் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், அதை மணிக்கு ஒரு தடவை எழுந்து திறந்து விடணும். ஆத்துல யாரு திறந்து விடுவா? உங்க கோயில் ஆளுங்களா?"

"இப்ப யாரு திறக்கறது?" என்று சாய்ஃபெங் கேட்டாள்.

யுன்ஷியா குனிந்து, காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"அம்மாதான், ஆன்ட்டி," என்றாள் பெய்ஷான். "திட்டிக்கிட்டே போய்த் திறப்பாங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டுதான் இருப்பார்."

"முழிச்சுக்கிட்டா இருந்தீங்க?" யுன்ஷியா புருஷனை முறைத்தாள்.

"நீ போறியே, எதுக்கு ரெண்டு பேரு," என்றார் அவர்.

சாய்ஃபெங்கின் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, என்ன என்று சொல்ல முடியாது.

"வெள்ளம் வந்த வருஷம்," என்றாள் யுன்ஷியா. சொல்ல நினைக்கவில்லை, ஆரம்பித்துவிட்டாள், இனி நிறுத்த முடியாது. "எங்களுக்குப் பதினேழு விலாங்குக் குளம் இருந்தது. ஒரே ராத்திரியில அத்தனையும் சேறு. வீட்டுக்குள்ள இடுப்பளவு. இவர் 'போனது போச்சு'ன்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி சொல்லிட்டுக் கட்டில்ல உட்கார்ந்தவர்தான். ஏழு வாரம் ஒரு வார்த்தை பேசல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். கயிறு, கத்தி எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சேன். அவ்வளவு பயம் எனக்கு. ஒரு நாள் சேறு வாரறப்ப ஒரு குட்டையில இவன் கிடந்தான். எவனோ வியாபாரி விளையாட்டா குடுத்துட்டுப் போன குட்டி, அப்ப என் கை நீளம்தான். காத்தைக் குடிச்சுக் குடிச்சே உயிரோட இருந்திருக்கான். தூக்கிட்டு வந்து குளிக்கிற தொட்டியில போட்டேன். இவர் எழுந்து வந்து எட்டிப் பாத்தார். 'பசிக்கும்போல'ன்னார்."

அவள் குரல் உடைந்தது.

"ஏழு வாரத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை. தனக்குச் சொன்னாரா அதுக்குச் சொன்னாரான்னு நான் கேக்கல. ரெண்டு பேருக்கும் சாப்பாடு வெச்சேன். அன்னிலேர்ந்து வெச்சுக்கிட்டு இருக்கேன்."

தியென்ஃபூ வாழை மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்தச் சம்பந்தத்து மேல எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள் யுன்ஷியா. "முன்னோர்களையே ஏமாத்தினேன். நான் சொன்ன பொய்க்கு உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். ஆனா இவனைத் தர மாட்டேன். பெய்ஷான், உன் வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு."

பெய்ஷான் திட்டவில்லை. வந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாளா என்று பார்த்தால், அழுகையோடு சிரிப்பும் இருந்தது. "தினமும் காலைல சனியன் சனியன்னு கத்துவியே அம்மா!"

"சனியன்தான். யார் இல்லேன்னா?"

சாய்ஃபெங் நாற்காலியை விட்டு எழுந்தாள். சட்டையை நீவி விட்டுக்கொண்டாள். மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"ஜெங்யூ, வண்டியை எடு."

அவ்வளவுதான், முடிந்தது. யுன்ஷியா மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புது வாணலியில் செய்த சாப்பாடு அப்படியே மூடிக் கிடக்கிறது, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் போகிறாளே என்றுதான் அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு," என்றான் ஜெங்யூ.

"நீ சொல்ல வேண்டியதைப் போன மாசமே சொல்லியிருக்கணும். இந்த நூத்தேழையும் அவங்க குளிக்கிற தொட்டியில விட்டுட்டு, வண்டியை எடுத்துக்கிட்டு நீ மட்டும் போ. என் மாத்திரை, மூணு நாளைக்கு மாத்துத் துணி, மேசை மேல இருக்கிற மந்திரப் புத்தகம், எல்லாம் எடுத்துட்டு வா."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"மூணு நாளைக்கா?" என்றார் தியென்ஃபூ.

"ஒரு மீனையே விட்டுக்குடுக்காதவங்க. இந்த வீட்ல வளர்ந்த பொண்ணு என் பையனை விட்டுட்டுப் போக மாட்டா. அது எனக்குப் புரிஞ்சுபோச்சு. பொய்யும் புரிஞ்சுபோச்சு, பெத்தவ சொன்ன பொய்தானே." சாய்ஃபெங் குளத்தைக் காட்டினாள். "ஆனா இவன் வயித்துக்காகத் தினமும் உயிர் போற வீட்டோட உறவு வெச்சுக்க என் மனசு ஒப்பணும் இல்ல? இங்கேயே மூணு நாள் இருந்து பாக்கறேன். நீங்க அவனுக்குத் தீனி எடுக்கறப்ப பக்கத்துல உட்கார்ந்து, சாகிற ஒவ்வொண்ணுக்கும் மந்திரம் சொல்றேன். என்னால தாங்க முடிஞ்சா கல்யாணம். தாங்க முடியலைன்னா..."

அவள் குனிந்து, விலக்கிய வலையைத் தானே இழுத்து மறுபடி மூடினாள்.

"எனக்குப் படுக்கை எங்க?"

யுன்ஷியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும், இந்த அம்மாவிடமிருந்து ஓடி ஒளிய வேண்டும் போலவும் இருந்தது.

"என் ரூம்லயே, என் பக்கத்துலயே படுத்துக்கோங்க," என்றாள். "ஆனா ஒண்ணு, நான் அஞ்சு மணிக்கே எழுந்துடுவேன்."

"நான் நாலு மணிக்கு," என்றாள் சாய்ஃபெங்.